கருத்து எழுதாத கட்டுரை

படுத்த படுக்கையாகக் கிடந்த ஐயம்பெருமாளின் முதுகுப் புண்ணில் மருந்துத் துணியை வைத்து அடைத்துக்கொண்டிருந்தபோது, நர்ஸ் ஷம்ஸியாவின் பையில் போன் அதிர்ந்தது. கட்டுப்போட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையைக் கழுவிவிட்டுத்தான் எடுத்தாள். ஆங்கிலத் தேர்வு முடிவு. கேட்பது, படிப்பது, பேசுவது எல்லாம் தேறிவிட்டது. எழுதுவதில் ஆறு. வேண்டியது ஆறரை. மூன்றாவது தடவையாக அதே ஆறு.

வேலை தருவதாகச் சொன்ன அயர்லாந்து ஆஸ்பத்திரி, இந்த மதிப்பெண்ணுக்காக இந்த மாதக் கடைசிவரைதான் காத்திருக்கும். இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று நம்பி, விதிப்படி மூன்று மாதம் முன்பே இங்கே ராஜினாமாவும் கொடுத்திருந்தாள். இன்றுதான் இங்கே வேலையில் கடைசி நாள்.

டூட்டி முடிந்து நேரே பாளையங்கோட்டைப் பயிற்சி வகுப்புக்குப் போனாள். பாக்கியசீலன் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"கட்டுரைக்கு என்ன கேள்வி?"

"வயசானவுகள வீட்ல வச்சுப் பாக்கணுமா, இல்லத்துல சேக்கணுமா, உங்க கருத்து என்னன்னு. ரெண்டு பக்கத்து நியாயமும் எழுதினேன் சார்."

"ஒன் கருத்து?"

"அத எழுதலியே."

"ஏம்மா, அதத்தான கேட்டிருக்கான்! எந்தப் பக்கம்னு மொதல்லயே சொல்லி, கடைசிவரைக்கும் அதுலயே நிக்கணும். அதுக்குல்லா மார்க்கு."

ஷம்ஸியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. எழுத்துத் தேர்வில், வரைபடத்தைப் பார்த்து எழுதும் முதல் பகுதியில்தான் கருத்துச் சொல்லக் கூடாது. காய்ச்சல் சார்ட் எழுதிய கைக்கு அது சுலபம். கட்டுரையையும் அப்படியே எழுதித் தொலைத்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த வருஷம், 'இந்த மருந்தின் அளவு அதிகமாகத் தோன்றுகிறது' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டாள். டாக்டர் அவளை வார்டு நடுவில் நிறுத்திக் கிழிகிழியென்று கிழித்தார். அளவு அதிகம்தான். ஆனாலும் அதற்குப் பிறகு பதினான்கு வருஷமாக, கண்ணால் கண்டதைத் தவிர அவள் எதையும் எழுதியதில்லை.

"முப்பது கட்டுரை திருத்திக் குடுத்தீகளே சார். ஒரு தடவ சொல்லிருக்கலாம்லா?"

"நான் பிழைய மட்டுந்தான் பாத்தேன். பிழையில்லாம எழுதுத பிள்ள, இது தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்." அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "சரி, ஒன் கருத்துதான் என்ன?"

"வீட்லதான் வச்சுப் பாக்கணும்னு மேடையில பேசுதவன் எவனும் ஒரு நாளு பீ அள்ளுனதில்ல சார்."

"இத நாகரிகமா எழுதிருந்தா ஏழே வந்திருக்குமே!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இனி எழுதி, முடிவு வருவதற்குள் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே, திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, பழைய ஆஸ்பத்திரியின் நர்ஸிங் சூப்பரிண்டெண்ட் தனலட்சுமியின் முன்னால் போய் நின்றாள்.

"புதுசா சேருத மாதிரிதான் சேக்க முடியும், ஷம்ஸியா. பழைய சர்வீஸு செல்லாது."

படிவத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில் கோடு போடச் சொன்னார். போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.