ராட்டினத்தின் உச்சியிலிருந்து பார்த்த தூக்கம்

பயணப் பையை அடுக்கும்போது அந்தத் துண்டைக் கடைசியாகத்தான் வைப்பேன். மேலே இருந்தால் எடுப்பதற்கு எளிது. நீலக் கட்டம் போட்ட பருத்தித் துண்டு. நீலம் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரத்தில் தையல் பிரிந்த இடத்தை நானே வேறு நிற நூலால் தைத்திருக்கிறேன். முகம் துடைக்க, கை துடைக்க எல்லாம் வேறு துண்டுகள் உண்டு. இதை நான் எதற்கும் பயன்படுத்துவதில்லை. இது சித்தியின் துண்டு. அப்பா காலமான பிறகு, செனாவாங்கில் என் தம்பி வீட்டுக்குப் போவதற்காகச் சித்தி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, "ஒனக்கு என்ன வேணும், எடுத்துக்க" என்றார். இதை எடுத்துக்கொண்டேன். வேறு எதையும் கேட்கவில்லை. "இந்தப் பழசையா? போ புள்ள" என்று சிரித்தார். ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

போன வாரம் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். சித்தியையும் கூட்டிக்கொண்டோம். எப்போது விளையாடுவது, எப்போது உட்காருவது, எந்த மரத்தடியில் சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைத்திருந்தேன். என் கணவர் இதைக் கேலி செய்வார். "ஊரு சுத்தப் போறோமா, வேலைக்குப் போறோமா?" என்பார். இந்த ஒழுங்கு நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து சண்டையிட்ட அவசரகாலத்தில் அப்பா எங்களைக் கோலாலம்பூருக்கு அழைத்துப்போன அந்த ஒரே பயணத்திலிருந்து எடுத்துக்கொண்டது.

அப்போது நாங்கள் கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பால்வெட்டுக்கு மண்டோர். வெட்டுக்காரர்களைப் பிரித்து மரங்களுக்கு அனுப்பி மேற்பார்வை பார்க்கும் வேலை. காட்டிலிருந்த ஆயுதக்காரர்களுக்கு உணவு போய்விடக்கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். சாயங்காலம் சங்கு ஊதினால் அத்தனை பேரும் வேலிக்குள் இருக்க வேண்டும். கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறுகூட எடுத்துப்போக முடியாது. கடையில் டின் வாங்கினால் கடைக்காரர் அதில் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை போட்ட டின்னைச் சேர்த்துவைக்க முடியாதல்லவா. பகலெல்லாம் மண்டோர் வேலை பார்த்த அப்பாவுக்கு, முறை வரும்போது இரவில் வேலியோரம் ஊர்க்காவலும் இருந்தது.

அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் சில காலம் இருந்தோம். அந்த நாட்களில்தான் பக்கத்துத் தோட்டத்து லாரியைக் கொளுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா தூங்கி நான் பார்த்ததில்லை. காவல் இல்லாத இரவிலும் கதவருகே பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நாய் குரைத்தால் எழுந்துவிடுவார். நான் அவருக்குக் கால் பிடித்துவிட்டுப் பார்த்தேன். வரக்காப்பியைக் குறைத்தால் தூக்கம் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காப்பியை ஒளித்தும் வைத்தேன். "நீ போய்ப் படு பாப்பா" என்பார். நான் தூங்கினால் அவரும் தூங்குவார் என்று நினைத்து, கண்ணை இறுக மூடித் தூங்குகிற மாதிரி கிடப்பேன். கொஞ்சம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் அதே பலகையில், அதே மாதிரி, கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவரைத் தூங்கவைப்பது என் வேலை என்று நான் நம்பியிருந்தேன்.

அப்படி இருக்கையில்தான் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாகச் சித்தி வந்தார். ராசா என்ற டவுனில் மளிகைக் கடை வைத்திருந்தவர்களின் மகள். டவுன்காரி என்பதால் லயத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நல்ல நிறம், வேகமான நடை, எதற்கும் ஒரு சிரிப்பு. தட்டு, டம்ளர் எல்லாம் நான் வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மாற்றியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அப்பா வேலையிலிருந்து வரும்போது முன்பெல்லாம் "பாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே வருவார். சித்தி வந்த பிறகும் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார். ஆனால் அவர் கண் அடுப்படிப் பக்கம் போகும். சின்ன வித்தியாசம்தான். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது.

தீபாவளியை ஒட்டி அப்பாவுக்கு விடுப்புக் கிடைத்தது. கோலாலம்பூரில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருப்பதாகவும், அதில் ஒரு பெரிய ராட்டினம் இருப்பதாகவும், மேலே போனால் ஊரே தெரியும் என்றும் சித்திதான் சொன்னார். அப்பா என்னைப் பார்த்து, "நீயும் நானும் ஒன்னா ஏறுவோம், என்ன?" என்றார். நீயும் நானும். அந்த இரண்டு சொற்களையும் ரயில் போகும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் சித்தியின் அக்கா வீட்டில் தங்கினோம். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் பூங்காவுக்குப் புறப்பட்டோம். அப்பா ஒரு பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். சித்தி அந்த நீலக் கட்டத் துண்டைத் தலையில் போட்டிருந்தார். பூங்கா வாசலில் நின்று அப்பா, வெட்டுக்காரர்களுக்குச் சொல்வதுபோலவே எங்களுக்கும் திட்டம் சொன்னார்.

"மரத்த வெட்டுனதும் பால் எடுத்துட முடியுமா? வெட்டிட்டு ஒக்காரணும். சொட்டட்டும். அப்புறம் போயி எடுக்கணும். இங்கயும் அப்படித்தான். ஒரு சுத்து சுத்துவோம், அப்புறம் ஒக்காருவோம். மறுபடி ஒரு சுத்து. ஓடிக்கிட்டே இருந்தா ஒன்னும் மிஞ்சாது."

"சரிங்க மண்டோரே" என்றார் சித்தி. அப்பா சிரித்தார்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். ஆனால் நாங்கள் வந்த நேரத்தில் பூங்காவில் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தது. அது சாயங்காலம் உயிர்பெறும் இடம் என்பது தோட்டத்துக்காரர்களான எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் கணக்கில் சாயங்காலம் என்பது வீட்டுக்குள் இருக்க வேண்டிய நேரம். படுதா போட்டு மூடிய ஆட்டக் கூடங்களையும், அசையாமல் நிற்கும் மரக் குதிரைகளையும் பார்த்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினோம். பிறகு உட்கார்ந்தோம். மறுபடி சுற்றினோம். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அப்பா பாயின் நிழல் பக்கத்தைச் சித்திக்குக் கொடுத்தார். "மசக்கையா இருக்கா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அந்தச் சொல்லுக்கு எனக்கு அப்போது பொருள் தெரியாது. தம்பி வரப்போகிறான் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சித்திக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஓய்வு, நான் எழுந்தால் மட்டும் ஏன் "இரு பாப்பா, சித்தி கொஞ்சம் ஒக்காரட்டும்" என்கிறார் என்பதே என் கவலை. ராட்டினம் கொஞ்ச தூரத்தில் வெறும் கூண்டுகளோடு நின்றுகொண்டிருந்தது.

நடுவில் அப்பா ஒரு சீனர் கடையில் லைச்சிப் பழ டின் வாங்கினார். கடைக்காரர் டின்னைக் கொடுத்ததும், அப்பா அதை அவரிடமே திருப்பி நீட்டி, ஆணியால் குத்துவதுபோல் கையைக் காட்டினார். கடைக்காரருக்குப் புரியவில்லை. அப்பா மலாயில் "லூபாங், லூபாங்" என்றார், ஓட்டை போடச் சொல்லி. சித்திக்குத்தான் முதலில் விளங்கியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, இது தோட்டத்துக் கடை இல்லலா! யாரும் புடிக்க மாட்டாங்க!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பா ஒரு கணம் கூச்சப்பட்டு, பிறகு அவரும் சிரித்தார். தொண்டை தெரியச் சிரித்தார். அம்மா இருந்தபோது அப்படிச் சிரித்திருப்பார், எனக்கு நினைவில்லை. என்னோடு தனியாக இருந்த நாட்களில் அப்படி ஒரு முறையும் சிரித்ததில்லை. பழம் இனிப்பாக இருந்தது. எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பொழுது சாயும் நேரம், ரயில் பட்டறைப் பக்கமிருந்து ஒரு சங்கு ஊதியது.

அப்பா எழுந்துவிட்டார். எதையும் யோசித்து எழவில்லை. உடம்பு தானாக எழுந்தது. ஒரு கை பாயைச் சுருட்டியது. இன்னொரு கை நீண்டு சித்தியின் கையைப் பிடித்தது. நான் அவருடைய இடப்பக்கம், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். தோட்டத்தில் சங்கு ஊதினால் அவர் கை தேடுவது என் கையைத்தான். "பாப்பா, வா வா, சுருக்கா" என்று சொல்லிக்கொண்டே, சித்தியைப் பிடித்தபடி அவர் வாசலை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எதிரே கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. நல்ல உடுப்பும் பூவும் பவுடருமாக வந்தவர்களை இடித்துக்கொண்டு நாங்கள் மூவர் மட்டும் வெளியே ஓடினோம்.

டிக்கெட் கிழிக்கும் ஆள் தமிழர். "அண்ணே, எங்க ஓடுறீங்க? இப்பத்தானே தொறக்குறோம்!" என்றார்.

அப்பா வானத்தைப் பார்த்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் விளக்குகள் எரிந்தன. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, ராட்டினத்தின் வட்டம் முழுக்கப் பல்புகள். "அட" என்றார் அப்பா. சித்தியின் கையை விட்டார். அப்போதும் என் கையைப் பிடிக்கவில்லை. பாயை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

ராட்டினத்துக்கு அருகிலேயே பாயை விரித்தோம். ஓடியதில் சித்திக்குத் தலைசுற்றல். "நீங்க அவளக் கூட்டிட்டுப் போங்க. பாவம், மத்தியானத்துலேருந்து காத்துக்கிட்டு இருக்கா" என்றார்.

"இவ்ளோ கூட்டத்துல ஒன்ன எப்படித் தனியா விட்டுட்டுப் போறது?" என்ற அப்பா, என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ மொதல்ல ஒரு சுத்து போயிட்டு வா. மேல போனதும் எனக்குக் கை காட்டு. நான் இங்கேயே பாத்துக்கிட்டு இருப்பேன். அடுத்த சுத்து நீயும் நானும்."

என்னை ஒரு மலாய் அம்மாளோடும் அவருடைய சின்ன மகளோடும் ஒரு கூண்டில் ஏற்றிவிட்டார்கள். ராட்டினம் நின்று நின்று ஆள் ஏற்றியதால் மெதுவாகத்தான் மேலே போனது. "ஜாங்கான் தாக்குட்", பயப்படாதே என்று அந்த அம்மாள் என் முழங்காலைத் தட்டினார். எனக்குப் பயமே இல்லை. ஊரைப் பார்க்கவும் தோன்றவில்லை. கீழே பாய் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். உச்சிக்கு வந்தபோது கண்டுபிடித்துவிட்டேன். கையை உயர்த்திப் பலமாக ஆட்டினேன்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை இரைச்சலில், இத்தனை வெளிச்சத்தில், முன்பின் தெரியாத ஊர்க் கூட்டத்துக்கு நடுவில், சித்தியின் மடியில் தலை வைத்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தார். பல்பு வெளிச்சம் கண்ணில் படாமல் சித்தி அந்த நீலக் கட்டத் துண்டை அவர் முகத்தில் விரித்திருந்தார். துண்டின் ஓரம் காற்றில் எழும்போதெல்லாம் ஒரு விரலால் அழுத்தினார். மறு கையை உயர்த்தி எனக்குக் காட்டினார். நான் கையை இறக்கிக்கொண்டேன்.

ஒன்றாக ஏறாதது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ராட்டினம் இன்னொரு முறை சுற்றும், ஏறிக்கொள்ளலாம். ஆனால் நான் கால் பிடித்தும் வராத, காப்பியை ஒளித்தும் வராத, கண்ணை மூடி நடித்தும் வராத தூக்கம், இவர் வந்து சில மாதத்தில் இவர் மடியில் வந்துவிட்டது. அந்த உயரத்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பொறாமை என்று பெயர் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இறங்கி ஓடி வந்து அப்பாவின் தோளைத் தொடப் போனேன். சித்தி உதட்டில் விரல் வைத்தார். "எழுப்பாதடா கண்ணு. எவ்ளோ நாளாச்சு." அவர் கால் மரத்துப்போயிருக்க வேண்டும், அசைக்கவில்லை. நான் பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். ராட்டினம் எத்தனையோ முறை ஆட்களை ஏற்றி இறக்கியது. கூட்டம் குறையத் தொடங்கியபோது அப்பா தானாக விழித்து, துண்டை விலக்கி, திடுக்கிட்டு உட்கார்ந்தார்.

"கை காட்டுனியா பாப்பா?"

"காட்டுனேன்."

"பாத்தேனே!" என்றார் அப்பா.

சித்தி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு அவரும் நானும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

அந்த அடுத்த சுற்று வரவே இல்லை. மறுநாளே தோட்டத்துக்குத் திரும்பினோம். தம்பி பிறந்தான். பிறகு வேலியையும் பிரித்தார்கள், சங்கும் நின்றது. அப்பாவுக்குத் தூக்கம் பழகிவிட்டது. சித்தி பக்கத்தில் இருந்தால் பழகிவிட்டது என்று சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில் மருத்துவமனையில் நானும் முறை போட்டுப் பக்கத்தில் இருந்தேன். என் முறையில் விழித்தே இருப்பார், பேசிக்கொண்டிருப்பார், நல்லபடியாகவே பேசுவார். சித்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், பேச்சு பாதியில் நிற்கும், தூங்கிப்போவார். எனக்கு அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அப்போதும் வயிறு எரிந்தது.

போன வாரம் பூங்காவில், பிள்ளைகளும் அவர்களுடைய அப்பாவும் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றார்கள். முழங்கால் வலியால் சித்தியும், களைப்பால் நானும் மரத்தடியில் பாய் விரித்தோம். முந்தைய நாளெல்லாம் சமையல், அடுக்கல், விடியற்காலையில் எழுந்தது. எனக்குக் கண் சொருகியது. சித்தி கவனித்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் ரெஸ்ட் எழுதி வெச்ச, ஒனக்கு எழுதலையா? படு. புள்ளைங்கள நான் பாத்துக்குறேன்."

"எனக்குத் தூக்கம் வராது சித்தி."

"ஒங்க அப்பாவும் அப்படித்தான் சொல்வாரு" என்று அவர் காலை நீட்டிக்கொண்டார்.

அவர் மடியில் தலை வைத்துப் படுத்தேன். பையின் மேலாக இருந்ததை அவர் எடுக்கும் சத்தம் கேட்டது. பழைய பருத்தி, மெல்லியதாகி, முகத்தில் எடையே இல்லாமல் விழுந்தது. துணி வழியாக வெளிச்சம் நீலமும் சாம்பலுமாகத் தெரிந்தது. காற்றில் ஓரம் எழுந்தது. ஒரு விரல் வந்து அழுத்தியது. மறுபடி எழுந்தது, மறுபடி அழுத்தியது. அப்பாவுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. அவர் தூங்கிவிட்டாரே. எனக்கும் தூக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. தூங்கிவிட்டால் அந்த விரல் தெரியாமல் போய்விடும் என்று, கண்ணை மூடி, மூச்சைச் சீராக விட்டு, தூங்குகிற மாதிரி விழித்துக் கிடந்தேன்.