டிஸ்சார்ஜ் என்றால் என்ன?

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவிலேயே எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான் ஒருவன்தான். இங்கிலீஷ் கடிதம் எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். அதில் எனக்குப் பெருமை.

பக்கத்து வீட்டு மேரியக்காவின் கணவர், ஆலையில் கால் நசுங்கிச் சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருநாள் காலை அக்கா ஒரு கடிதத்தோடு வந்தார்.

"இன்னா போட்டுக்குதுன்னு பாரு தம்பி."

அந்த நீண்ட கடிதத்தில் எனக்குப் பிடிபட்ட சொல் 'டிஸ்சார்ஜ்' மட்டுமே.

"அண்ணன ஊட்டுக்கு அனுப்புறாங்கக்கா" என்றேன்.

அக்கா அவருடைய வேட்டி சட்டையை எடுத்துக்கொண்டு அப்போதே ரயிலேறினார்.

சாயங்காலம் தனியாகத் திரும்பினார். கடிதம் ஆலையிலிருந்து வந்ததாம். அண்ணனை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

"சட்டைய மாட்டிக்கினு கட்டில்ல உக்காந்துனு இருந்தாரு. நர்ஸம்மா படிச்சி அவரு எதிர்லயே சொல்லிட்டாங்க. புரியலன்னு நீ சொல்லியிருந்தா வேற யாராண்டயாவது காட்டியிருப்பேனே தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை.

மறுநாள் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். வண்டியிலிருந்து சுமையை இறக்குவதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். நோயாளியை அனுப்புவதும் தொழிலாளியை நீக்குவதும் பிறகு அதிலிருந்து கிளைத்தவை. ஆலை அண்ணனைச் சுமையாக நினைத்து இறக்கிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

தொழிற்சங்கத்தார் பல மாதங்கள் போராடி அவருக்கு அதே ஆலையின் கேட்டில் காவல் வேலை வாங்கித் தந்தார்கள். புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல எனக்கு இன்றும் கூச்சம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.