அலமாரி அக்கா அடுக்கி வைத்த நோய்கள்

ஊரார் நோயையெல்லாம் கண்டுபிடித்தவளுக்குச் சொந்தப் பிள்ளையின் நோய் தெரியவில்லையே என்று யாராவது அலமாரி அக்காவைப் பற்றிப் பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போன மாதம்கூட ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி இப்படித்தான் ஆரம்பித்தாள். சாப்பிட்ட கையோடு எழுந்து நின்று நான் கேட்ட கேள்வியில் அவள் முகத்தில் ஈயாடவில்லை. நடந்தது என்னவென்று தெரியாமல் நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்களை வேறு என்ன செய்வது? நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் சொல்கிறேன்.

எங்களுடையது வைரஸ் நோய்களுக்கான ஆய்வுக்கூடம். பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவைக்கூடத்தைத் தாண்டி இருக்கிறது. நான் முன்னால் ஜன்னலில் உட்கார்ந்து சாம்பிள் வாங்குகிறவள். ஐஸ் பெட்டியில் ரத்தமும் சளியும் முதுகுத்தண்டு நீரும் வரும். மூடி சரியாக இல்லாமல் கொண்டுவந்தால் என் வாயில் விழுந்து எழுந்துதான் போக வேண்டும். எனக்குப் பின்னால் இருந்த குளிர் அறையில், கண்ணாடிக் கதவு போட்ட உயரமான குளிர் அலமாரி ஒன்று இருந்தது. பரிசோதனைக்கு வேண்டிய கிட் பெட்டிகள் எல்லாம் அதில்தான். அந்த அலமாரிக்கு அக்காதான் ராணி.

அக்கா வேலைக்கு வந்து சேர்ந்த காலத்தில் அந்தப் பெட்டிகள் வந்த வரிசையில் கிடந்தன. மஞ்சள் காமாலைக்கான கிட் வேண்டுமென்றால் குனிந்து, நிமிர்ந்து, கை விறைத்து, கடைசியில் அது நம் மூக்குக்கு நேராகவே இருக்கும். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, மனித உடம்பு மாதிரி அடுக்கிவிட்டாள். மேல் அடுக்கு மூளை. ரேபிஸ், கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல், ஹெர்பிஸ், இளம்பிள்ளை வாதம். அதற்குக் கீழே தொண்டையும் நுரையீரலும். பிறகு ஈரல். பிறகு குடல். கடைசியாகத் தோல்: சின்னம்மை, தட்டம்மை, ரூபெல்லா என்று தடிப்பும் கொப்புளமுமாக வருகிறவை. டாக்டர்கள் நோயாளிக்கு எங்கே கோளாறு என்று எழுதி அனுப்புகிறார்களோ அந்த அடுக்கில் கை வைத்தால் போதும். வேலை பாதியாகக் குறைந்தது. அன்றிலிருந்து அவள் அலமாரி அக்கா.

வீட்டிலும் அப்படித்தான். அவள் சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு உப்பை எடுக்கலாம். அவள் வீட்டுக்காரர் தண்ணீர்ப் பம்பு ரிப்பேர் செய்கிறவர். அவருடைய ஸ்பேனர்களைக்கூட அளவுப்படி சுவரில் மாட்டி வைத்திருந்தாள். "உங்க அக்கா என்னையும் ஒரு ஆணியில மாட்டத்தான் பாக்குறா, இடம்தான் கிடைக்கல," என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

எங்களுக்குப் புதுத் தலைவியாக வந்த டாக்டரம்மா வயதில் சின்னவர், ஆனால் விஷயம் தெரிந்தவர். அலமாரியைப் பார்த்த முதல் நாளே அவருக்கு அது சரிப்படவில்லை.

"அக்கா, ஈரல் அடுக்குல அஞ்சு வைரஸ் இருக்கு. அஞ்சும் அஞ்சு வம்சம். ஒண்ணுக்கொண்ணு சொந்தமே கிடையாது," என்றார்.

"சொந்தம் இல்லாட்டி என்ன டாக்டர்? போய்த் தங்குற இடம் ஒண்ணுதானே. லாட்ஜுல இருக்குறவங்க எல்லாம் சொந்தக்காரங்களா?"

"அது நோயைப் பிரிக்கிற முறை. வைரஸைப் பிரிக்கணும்னா அதோட உடம்பைப் பாக்கணும். உள்ள இருக்கறது டிஎன்ஏவா, ஆர்என்ஏவா, மேல உறை இருக்கா, இல்லையா. அது எங்க போய் என்ன பண்ணுதுங்கறது அப்புறம்தான்."

"எந்த நோயாளி வந்து என் ஆர்என்ஏ வலிக்குதுன்னு சொல்றான்? தலைவலிங்குறான், வயித்துவலிங்குறான். நான் அதைத்தான் பாக்கணும்."

டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

அக்காவுக்கு ஒரே பிள்ளை. ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவன். வாண்டு என்று கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் ஜன்னலுக்கு வந்து, என் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் "மூடி டைட்டா இருக்கா?" என்று என்னைப் போலவே அதட்டுவான். அவ்வளவு வாய். அந்தப் பிள்ளைக்குத்தான் எழுத்து மறக்க ஆரம்பித்தது. நேற்று எழுதியதை இன்று எழுதத் தெரியவில்லை. டீச்சர் கூப்பிட்டுக் கவனம் இல்லை என்றார். மாமா அதட்டினார். அக்கா தினமும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். பிறகு கையில் இருந்த டம்ளர் நழுவியது. பேசிக்கொண்டே இருக்கும்போது யாரோ பின்னாலிருந்து தட்டியதுபோல அவன் தலை சட்டென்று முன்னால் விழும். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நாங்கள் சிரித்தோம். ஒரு நாள் என் ஜன்னலுக்கு முன்னாலேயே நிலைகுலைந்து விழுந்தான். எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தான். நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று முதுகுத்தண்டு நீரும் ரத்தமும் எடுத்து எங்களிடமே அனுப்பினார்கள். மூளை அலையைப் படம் எடுக்க வேறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே நீண்ட வரிசை. அதுவரை எங்கள் சோதனைதான் கதி. அக்கா மேல் அடுக்கிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எதிலும் ஒன்றும் இல்லை. இல்லை என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டிய வேலை எங்களுடையது. அக்காவுக்கு ஒவ்வொரு "இல்லை"க்கும் முகம் சுண்டிப்போயிற்று. பேர் தெரியாத நோய்க்கு எந்த மருந்தைக் கொடுப்பது?

"பேர் மட்டும் தெரியட்டுங்க. மருந்து தன்னால வரும்," என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் ஆய்வுக்கூடத்தில் அவள் பார்த்தது அதைத்தான். மாமாவும் அதையே பிடித்துக்கொண்டார். என்னை எங்கே பார்த்தாலும் "பேர் தெரிஞ்சுதா?" என்றுதான் முதலில் கேட்பார். பையனைக் கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா கடையை மூடிவிட்டு அவனோடு இருந்தார். அக்கா வேலைக்கு வந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் புது அலமாரி வந்து இறங்கியது. பழையதில் குளிர் நிற்கவில்லை. பெட்டிகளை மாற்றியே ஆக வேண்டும். டாக்டரம்மா தயங்கித் தயங்கி, "அக்கா, இந்தத் தடவை குடும்பம் குடும்பமா வைக்கலாமா? இல்ல, உங்க மனசு சரியாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

"இப்பவே பண்ணிடலாம் டாக்டர். என் முறையில வச்சு என்னத்தைக் கண்டேன்," என்றாள் அக்கா.

நான் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா இடம் சொன்னார். அக்கா வைத்தாள். சின்னம்மை மேலே போய் ஹெர்பிஸ் பக்கத்தில் உட்கார்ந்தது, இரண்டும் ஒரே குடும்பமாம். இளம்பிள்ளை வாதம் போய் ஏ வகை மஞ்சள் காமாலையோடு சேர்ந்தது. இதென்ன கூத்து என்று நான் முணுமுணுத்தேன். அடுத்து என் கைக்கு வந்தது தட்டம்மை.

"அது பொன்னுக்கு வீங்கி பக்கத்துல. ஆர்என்ஏ, உறை உண்டு," என்றார் டாக்டரம்மா.

அக்கா பெட்டியை வாங்கினாள். வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர், பொன்னுக்கு வீங்கி சில பேருக்கு மூளைக்கும் போகும்ல?"

"ஆமா, போகும்."

"அப்ப இது?"

டாக்டரம்மா அந்தப் பெட்டியைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குளிர்க் காற்று வெளியே போகிறது, கதவைச் சாத்துங்கள் என்று கத்தினேன்.

"வாண்டுக்குத் தட்டம்மை வந்திருக்கா?" என்று மெல்லக் கேட்டார் டாக்டரம்மா.

"கைக்குழந்தையா இருந்தப்ப. தடுப்பூசி போடுற மாசம் வர்றதுக்குள்ள வந்துடுச்சு. சிவப்பாத் தடிச்சு, நல்லா ஆயிடுச்சு. நானே மறந்துட்டேன்."

அப்போதுதான் டாக்டரம்மா எனக்கும் சேர்த்துச் சொன்னார். தட்டம்மை வந்த குழந்தைகளில் ரொம்ப ரொம்ப அபூர்வமாக ஒரு சிலருக்கு, தடிப்பு மறைந்த பிறகும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. மூளையில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். வருஷக்கணக்கில் சத்தம் காட்டாது. பிள்ளை ஓடி ஆடும், பள்ளிக்கூடம் போகும். பிறகு ஒரு நாள் தலை தூக்கும். ரொம்பச் சின்ன வயதில் தட்டம்மை வந்தவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகமாம். ஊசி போட்டால் காய்ச்சல் வருமே என்று தள்ளிப்போட்ட எந்த வீட்டிலிருந்து அந்தக் கைக்குழந்தைக்கு ஒட்டியதோ தெரியாது. தெரிந்திருந்தால் நான் அந்த வீட்டு வாசலில் போய் நின்று வாய்க்கு வந்தபடி கேட்டிருப்பேன்.

வாண்டுவின் சாம்பிள் ஃப்ரீசரில் மிச்சம் இருந்தது. "நான் பண்றேன், நீங்க வெளியில இருங்க," என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். அக்கா கேட்கவில்லை. குழித்தட்டில் ஒரு குழியில் ரத்த நீர், ஒரு குழியில் முதுகுத்தண்டு நீர். தட்டம்மைக்கு எதிரான சக்தி இருக்கும் குழியில் நிறம் வரும். ரத்தத்தில் அது வருவது சாதாரணம். தட்டம்மை வந்தவர், ஊசி போட்டவர் எல்லாருக்கும் வரும். முதுகுத்தண்டு நீரில் அப்படி அடர்ந்து வரக்கூடாது. அக்கா கடைசித் துளியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, தட்டையே பார்த்தாள். நிறம் வரட்டும் என்று எத்தனை பேருடைய தட்டுகளுக்கு முன்னால் அவள் காத்திருந்திருப்பாள். அன்றைக்கு அவள் உதடுகள் "வேண்டாம், வேண்டாம்" என்று அசைந்ததை நான் பார்த்தேன். முதலில் நீலம் வந்தது. அமிலம் விட்டதும் மஞ்சளாயிற்று. முதுகுத்தண்டு நீர்க் குழி நல்ல அழுத்தமான மஞ்சள்.

அக்கா உட்கார்ந்தாள். டாக்டரம்மா அவள் பக்கத்தில் தரையில் மண்டி போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறைக்காமல் சொன்னார். "மெதுவாக்கிப் பாக்கற மருந்து இருக்கு அக்கா. நிறுத்தற மருந்து இன்னும் யாருகிட்டயும் இல்லை. இதை முதல் நாளே பாத்திருந்தாலும் இதேதான். நீங்க அடுக்கி வச்சதால வந்ததில்லை. இதை மட்டும் மனசுல போட்டுக்காதீங்க."

கல்யாண வீட்டுக்காரிக்கு நான் சொன்னதும் இதைத்தான். தட்டம்மையைத் தோல் நோய் என்று வைக்காதவர்கள் யார்? அந்த டாக்டரம்மாவுக்கேகூட அந்த நிமிஷம் வரை அது தோன்றவில்லை.

அக்காவைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. ஆட்டோவில் கூடவே போனேன். வழியில் "எப்படிச் சொல்றது" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. வாண்டு அவர் தோளில் சாய்ந்திருந்தான். அக்கா நேரத்தோடு வந்ததையும் கூட நான் வந்ததையும் பார்த்து அவர் முகம் மாறிற்று.

"பேர் தெரிஞ்சுதா?"

அக்கா தலையசைத்தாள்.

"என்னவாம்?"

"தட்டம்மை," என்றாள்.

மாமா எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்படி ஒரு மூச்சு விட்டார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்தார்.

"அட, வெறும் அம்மையா? இதுக்குத்தானா இவ்வளவு நாளா உயிரை எடுத்தீங்க? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்டி. இவனுக்கு அதான் சின்ன வயசுலயே வந்து போச்சே. இப்பவும் போயிடும்." பையனின் முதுகைத் தட்டினார். "டேய் வாண்டு, கேட்டியா? உனக்கு ஒண்ணும் இல்லடா. வெறும் அம்மைதான்."

எதிர் வீட்டு அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல, பையனைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போனார். நான் மாமா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். விரல் ஜில்லென்று இருந்தது.

"சொல்லாத. காலையில நான் சொல்லிக்கிறேன்," என்றாள். "இன்னிக்கு ஒரு நாள் அவர் தூங்கட்டும்."