லைனில் இரண்டு பேர்

என் ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய டிரங்க் கால் சீட்டு இருக்கிறது. அச்சு கோணலாகிவிட்டதென்று ஆபீசில் கழித்துப் போட்ட கட்டிலிருந்து நான் எடுத்து வந்தது. 'தொடங்கிய நேரம்' என்ற கட்டத்தில் 15.20. அதன் கீழே குண்டு குண்டான கையெழுத்தில், 'ஐந்தாம் பாட்டு. லைனில் இரண்டு பேர். மேல்குரல் பாடகருடையது அல்ல, கீபோர்டு பெண்ணுடையது.' 'முடிந்த நேரம்' என்ற கட்டமும் ஆபரேட்டர் கையெழுத்துக்கான கட்டமும் போன மாதம் வரை காலியாகவே இருந்தன.

எழுதியவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தாம்பரத்தில் ரயிலேறி நகரத்துக்குள் இருந்த ஒரு டிரங்க் எக்ஸ்சேஞ்சுக்கு வேலைக்குப் போன பெண்களில் அவர் என்னைவிட ஐந்தாறு வருடம் சீனியர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிந்துவிட்டு வீட்டில் காத்துக் கிடக்க வேண்டிய காலம் அது. அதில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. பெயர் சொல்லிக் கேட்ட அந்த ஆளே லைனுக்கு வரவேண்டும், வந்தது அவர்தான் என்று ஆபரேட்டர் உறுதி செய்ய வேண்டும். முதலாளி பெயரில் குமாஸ்தா பேசுவார், மாட்டிக்கொள்ள விரும்பாத ஆசாமி குரலை மாற்றி "அவர் ஊர்ல இல்லீங்களே" என்பார். நாங்கள் ஏமாறுவோம். அக்கா ஏமாறமாட்டார். "குரலை எப்படி வேணா மாத்தலாம்டி. மூச்சை மாத்த முடியாது" என்பார். ஒருவர் பேசத் தொடங்குமுன் இழுக்கும் மூச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஸ்விட்ச்போர்டில் சந்தேகம் வந்தால் எங்கள் கை தானாக அவர் பக்கம் நீளும்.

எங்களுக்குள் ஒரு பைத்தியம் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த டெக்னீஷியன் ஒருவரின் மச்சான் கப்பலில் போய்வருபவர். அவர் கொண்டுவந்த கேசட்டுகளால் எங்களில் ஐந்தாறு பேருக்கு நியூ வேவ் என்ற வெளிநாட்டு இசை தொற்றிக்கொண்டது. கண்ணுக்கு மை தீட்டிய ஆண்கள், தோளில் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு, பாதி சத்தம் கீபோர்டிலிருந்து. அதில் ஒரு பாண்டு எங்கள் உயிர்; பாடுபவர் ஆண், கீபோர்டு வாசிப்பது ஒரு பெண். அவர்களுடைய மேடைக் கச்சேரியின் வீடியோ கேசட்டை டெக்னீஷியன் ஒருநாள் கொண்டுவந்தபோது, சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதென்று முடிவாயிற்று. வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்தோம். என் மாமியாரின் சம்மதத்துக்காகக் காலையில் இரண்டு பக்திப் படங்கள் ஓடின. மூன்று மணிக்குத்தான் எங்கள் முறை வந்தது.

பார்த்து முடித்ததும் அவரவர் அபிப்பிராயத்தை சீட்டில் எழுத வேண்டும் என்பது என் ஏற்பாடு. கால் சீட்டு மாதிரியே நேரம் போட்டு, முடிவில் கையெழுத்தும் போட வேண்டும். டிரம்ஸ்காரரைக் கேமரா கண்டுகொள்ளவே இல்லை என்று ஒருத்தி எழுதினாள். ஆல்பத்தைவிட வேகம் அதிகம் என்று இன்னொருத்தி குறைப்பட்டாள். ஐந்தாவது பாட்டில் வரும் அந்த நீண்ட உச்சக் குரலைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஓர் ஆண் அத்தனை உயரத்துக்குப் போவதைக் கேட்டு மெய்சிலிர்த்திருந்தோம். 'மனிதக் குரலே இல்லை, தெய்வம்' என்று நான் எழுதினேன். அந்த இடத்தில் கேமரா மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்தின் கைகளைக் காட்டப் போய்விடும் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அக்காவின் சீட்டை டெக்னீஷியன் உரக்கப் படித்தார். கூடமே சிரித்தது. "இன்னா அக்கா, ஒரே ஆளு உனுக்கு ரெண்டு ஆளா கேக்குதா?" என்றார். அக்கா கோபப்படவில்லை. "அந்த ஆள் வரியை முடிச்சிட்டு மூச்சே வாங்கலப்பா. அதுக்குள்ள மேல குரல் கிளம்பிடுச்சு. ஒரு ஆளால முடியாது" என்றார். அதற்கும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

சிரிப்பு திங்கட்கிழமையே ஆபீசுக்கு வந்துவிட்டது. அக்காவுக்கு ஏற்கெனவே இடது காதில் இரைச்சல், அடுத்த வாரம் காதுப் பரிசோதனை. 'ரெண்டு ஆள் அக்கா' என்ற பெயர் மேற்பார்வையாளர் வரை போக, பரிசோதனை முடியும்வரை போர்டில் உட்கார வேண்டாம் என்று அவரைச் சீட்டு அடுக்கும் மேசைக்கு அனுப்பினார்கள். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, ஒரு மாதத்தில் போர்டுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் பெயர் போகவில்லை. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. அதற்குப் பிறகு யாராவது "அக்கா, இது அந்த ஆள்தானா?" என்று கேட்டால், "நீயே பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிடுவார். ரிட்டையர் ஆகும்வரை அப்படித்தான். தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறார் என்பது எனக்குப் புரியும். அவர் வாயை அடைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ஒருநாள் ரயிலில், சீட்டில் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டேன். "கால் முடிஞ்சாதானே கையெழுத்து? அது இன்னும் முடியல. கிழிச்சிடாதே" என்றார்.

போன மாதம் டெக்னீஷியன் எங்கள் ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் அனுப்பினார். அதே கச்சேரி. படத்தையும் ஒலியையும் துலக்கி, அன்று பயன்படுத்தாமல் விட்ட கேமராக் காட்சிகளையும் சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். காலை டிபனைக்கூட மறந்து ஐந்தாவது பாட்டுக்குப் போனேன். இந்த முறை கேமரா கூட்டத்துக்குப் போகவில்லை. பாடகர் வரியை முடித்து, மைக்கைத் தாழ்த்தி, சாவகாசமாகத் தண்ணீர் குடிக்கிறார். மேடையின் ஓரத்தில், கீபோர்டுக்குப் பின்னால், கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெண் பாடுகிறாள். அது நாங்கள் கும்பிட்ட அதே குரல்.

வீடியோவுக்குக் கீழே உலகம் முழுவதிலிருந்தும் ரசிகர்கள் கருத்து எழுதித் தள்ளியிருந்தார்கள். பழைய நிறமே அழகு என்றார் ஒருவர். டிரம்ஸ்காரரைக் கடைசியில் பார்த்தோம் என்றார் இன்னொருவர். அன்று நேரில் இருந்தேன், எனக்கே தெரியாது என்று ஒருவர். இத்தனை வருடம் அந்த ஆளின் குரல் என்று நம்பி, பாடிப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டதாக இன்னொருவர் புலம்பியிருந்தார். அத்தனை அபிப்பிராயத்திலும் 'எனக்கு அப்போதே தெரியும்' என்று ஒரு வரி இல்லை. அந்த வரி என் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. எனக்குத் தனியாக உட்கார்ந்து விசில் அடிக்கலாம் போலிருந்தது.

டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். ஐந்தாவது பாட்டை அவர் இன்னும் பார்க்கவில்லை, போட்டுப் பார்த்தார். பிறகு, "மானம் போச்சு. வா, நேர்லயே போய் சொல்லிடலாம்" என்றார். மறுநாள் காலை அவர் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றார். கூடுவாஞ்சேரியில் மகளோடு இருக்கிறார் அக்கா. எண்பதை நெருங்கிவிட்டார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

டெக்னீஷியன் பாட்டைப் போட்டு போனை நீட்டினார். அக்கா அதை வாங்கி, திரையை அவர் பக்கமே திருப்பிப் பிடித்தார். "படம் உனக்கு. எனக்கு எதுக்கு?" என்று கண்ணை மூடிக்கொண்டார். வரி முடிந்தது. குரல் மேலே எழுந்தது. மூடிய கண்ணோடு அக்கா இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

"தப்பு என்னுது அக்கா. உன் காது காதுதான்" என்றார் டெக்னீஷியன். நானும் மன்னிப்புக் கேட்டேன். 'தெய்வம்' என்று எழுதிய என் பழைய சீட்டையும் எடுத்துப் போயிருந்தேன்; கிழித்துவிடப் போனேன். அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். "வேணாம். ராங் கனெக்ஷனும் ரெக்கார்டுல இருக்கட்டும்." இப்போது இரண்டும் அதே உறைக்குள்தான் இருக்கின்றன.

பிறகு தன் சீட்டைக் கேட்டு வாங்கினார். மகளிடமிருந்து பேனா வந்தது. "மணி என்ன?" என்றார். "பதினொண்ணு நாப்பது" என்றேன். முடிந்த நேரம் என்ற கட்டத்தில் 11.40 என்று எழுதினார்.

"நம்ம எக்ஸ்சேஞ்ச்லயே இவ்ளோ நீளமான கால் கெடையாது அக்கா" என்றார் டெக்னீஷியன்.

அக்கா சிரித்துக்கொண்டே, அதே குண்டுக் கையெழுத்தில், கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.