இரண்டும் ஒரே நாளில் கூடாது

அந்த அணுமின் நிலையத்தில் எண்ணூறு பேர் வேலை செய்கிறார்கள். அத்தனை பேருக்கும் அவள் தேதியக்காதான். மேலதிகாரிகூட ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, இருமல் வந்ததுபோல் சமாளித்திருக்கிறார்.

தீயணைக்கும் பம்பு, கெட்ட காற்று பரவினால் மாட்டிக்கொள்ளும் மாஸ்க், கண்ணில் மருந்து தெறித்தால் கழுவும் குழாய், கதிர்வீச்சை அளக்கும் மீட்டர், கரண்டு நின்றால் அந்த நொடியே ஓட வேண்டிய இரண்டு பெரிய டீசல் எஞ்சின்கள் என்று, ஆபத்துக்கென்றே வாங்கி வைத்த சாமான்கள் அங்கே நாலாயிரத்துச் சொச்சம். எதை எந்தத் தேதியில் சோதிப்பது, யாரை அனுப்புவது என்று நாள் போடுவது அவள் வேலை. சுவரை அடைத்த பலகையில் அந்த மாதத்து அட்டைகள் வரிசையாகத் தொங்கும். காலை ஆறு மணிக்கு உட்காருமுன் பலகைக்கு எதிரே நின்று கண்ணை மூடிக்கொள்வாள்.

"கடவுளே, இதெல்லாம் கேட்டவுடனே ஓடணும். ஆனா ஓடுன்னு சொல்ற நாள் வரவே கூடாது."

அங்கே ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. ஜோடியாக இருக்கும் சாமான் இரண்டையும் ஒரே நாளில் சோதனைக்கு எடுக்கக் கூடாது. ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கும்போது மற்றது தயாராக நிற்க வேண்டும். மேலதிகாரி அந்தச் சட்டத்தை மனிதர்களுக்கும் நீட்டி வைத்திருந்தார். தேதி போடும் நாற்காலிக்குப் பரீட்சை எழுதித் தேறியவர்கள் இரண்டே பேர். காலை ஆறிலிருந்து இரண்டு வரை தேதியக்கா. இரண்டிலிருந்து பத்து வரை, முன்பு மாஸ்க் பழுது பார்த்துக்கொண்டிருந்ததால் மாஸ்க்காரர் என்று பெயர் வாங்கியவர். ஒருவர் லீவு என்றால் மற்றவர் முழு நாளும் உட்கார வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து லீவு எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே பதினோரு வருஷமாக அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தது தினம் அரை மணி நேரம். இரண்டு மணிக்கு அவள் பதிவேட்டை மேலிருந்து கீழ்வரை வாசிப்பாள். முடிவில், "நிலுவை எதுவும் இல்ல" என்பாள். அவர், "பாத்துட்டேன், ஏத்துக்கிட்டேன்" என்பார். இருவரும் கையெழுத்துப் போட்டு நேரம் எழுதுவார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

ஒரு நாள் அவர் பேனாவை எடுக்கவில்லை.

"நிலுவை ஒன்னு இருக்கு."

தேதியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பத்து நான்கு வயதில் ஒரு தேதியைக்கூட அவள் தவறவிட்டதில்லை. "எதை விட்டுட்டேன்?"

"நீங்க விடலை, நான்தான் விட்டுட்டேன். என்னைக் கட்டிக்கறீங்களான்னு உங்ககிட்ட கேக்கணும்னு நினைச்சு ஏழு வருஷமாச்சு."

"ஏழு வருஷமா? பட்டியல்ல ஏன் சேக்கலை?"

"எந்தத் தேதி போடறதுன்னு தெரியலைங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; அது விக்கலாகிவிட்டது. இரண்டு விக்கலுக்கு நடுவில், "சரிங்க" என்றாள். அன்று பதிவேட்டில் அவள் எழுதிய நேரம் கோணலாக மேலே ஏறிப் போயிருந்தது.

திருமணப் பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். தொண்ணூறு நாளைக்குள் இருவரும் ஒன்றாக வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் எல்லாம் முதலிலிருந்து. மனுவை இவள் ஒரு காலையில் லீவு போட்டும் அவர் வேறொரு காலையில் போயும் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துக்கு அந்த வித்தை பலிக்காது. அந்த அலுவலகம் பத்திலிருந்து நாலு வரைதான். பஸ்ஸில் ஒரு மணி நேரம். அவள் வேலை முடிந்து கிளம்பும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும்.

மேலதிகாரி கையை விரித்தார். "சட்டம் போட்டவனே மீறலாமா அம்மா?"

எண்பத்திரண்டு நாள் ஓடிவிட்டது. தேதியக்கா குடியிருப்பது அண்ணன் வீட்டில். அங்கே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் கேஸ் ரப்பர் குழாய்க்கு ஒரு அட்டை, டார்ச் பேட்டரிக்கு ஒன்று, அண்ணியின் மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று என்று அவள் தொங்கவிட்டிருந்தாள். அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் நிலைய வாசலில் மேலதிகாரியின் காரை மறித்துவிட்டாள்.

"சார், ரெண்டு எஞ்சினும் படுத்துட்டா என்ன செய்வீங்க?"

"அதுக்குத்தான் மூணாவது ஒன்னு ஓரமா வச்சிருக்கோமே அம்மா."

"நாற்காலிக்கு மூணாவது யாரு?"

அவர் யோசித்தார். "யாரும் இல்லையே."

"நீங்க எதுக்கு இருக்கீங்க?"

கார் அரை மணி நேரம் அங்கேயே நின்றது என்று காவலாளி பின்னால் சொன்னார்.

திங்கட்கிழமை மேலதிகாரி பரீட்சை எழுதினார். ஒரு மாதத்துக்குத் தேதி போட்டுக் காட்ட வேண்டும். நாற்காலிக்காரர்கள் இருவரும் தனித்தனியாகத் திருத்த வேண்டும், இருவருமே தேறியதாக எழுத வேண்டும். தோற்றால் மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி. எல்லாம் அவரே போட்ட சட்டம். மனுவுக்கோ வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

தேதியக்கா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். தாள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது. பம்புகள் சரி, மாஸ்க் சரி, மீட்டர் சரி. ஒன்பதாம் தேதிக்கு வந்தாள். இரண்டு டீசல் எஞ்சினும் ஒன்பதாம் தேதியிலேயே உட்கார்ந்திருந்தன.

"ஒரே ஆளுங்க, ஒரே கிரீஸ் டப்பா, ஒரே நாள்ல முடிச்சுடலாமேன்னு..." என்று இழுத்தார் மேலதிகாரி.

அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். பிறகு 'தேறவில்லை' என்று எழுதினாள்.

வீட்டில் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, தாள்லதானே தப்பு? நிஜ எஞ்சினா நின்னு போச்சு?"

"வெள்ளிக்கிழமை நிஜமாவே அவர்தானே உக்காரப்போறார் அண்ணி?"

"உன் மாப்பிள்ளை பாஸ் போட்டிருந்தா என்னடி பண்ணுவே?"

அது அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அந்தத் தப்பைப் பார்த்தும் தேற வைக்கிறவரை எப்படிக் கட்டிக்கொள்வது? செவ்வாய் இரண்டு மணி வரை கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாஸ்க்காரர் வந்தார். அவரும் குற்றம் செய்தவர்போலத்தான் நின்றார்.

"மன்னிச்சுடுங்க. தேறலைன்னு எழுதிட்டேன். ஒன்பதாம் தேதியில..."

அவள் முடிக்க விடவில்லை. "நானுந்தாங்க!" என்றாள். உலகத்திலேயே பெரிய நல்ல செய்தியைக் கேட்டவர்கள்போல இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். அவளுக்கு மறுபடி விக்கல் பிடித்துக்கொண்டது. கல்யாணம் கைநழுவிப் போகிற நேரத்தில் இப்படிச் சிரிப்பவர்களைக் கடவுள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்.

அந்த மூன்று நாளும் மேலதிகாரி படித்த படிப்பு கொஞ்சமல்ல. அவர் மனைவி தேதியக்காவுக்கே போன் போட்டார். "என்னம்மா செஞ்சீங்க இவரை? ரெண்டு ஷூவையும் ஒரே நாள்ல துடைக்க விடமாட்டேங்கறார். ஒன்னு தயாரா இருக்கணுமாம்!"

வியாழக்கிழமைத் தாளில் முதல் எஞ்சின் நாலாம் தேதி, இரண்டாவது பதினெட்டு. தேதியக்கா ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து மூன்று தடவை பார்த்தாள். ஒரு பிசகு இல்லை. 'தேறினார்' என்று எழுதினாள். மாஸ்க்காரர் எழுதியது அதற்குக் கீழே, அவருடைய குண்டு குண்டான எழுத்தில் வந்து சேர்ந்தது. மேலதிகாரி இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன்போல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கூட்டமில்லை. சுவரோரம் ஒரு நீள பெஞ்சு, மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பதிவாளர் அம்மா. சாட்சிக்கு அண்ணனும் அண்ணியும் மாஸ்க்காரரின் தம்பியும். பதிவாளர் அம்மா பெரிய புத்தகத்தைத் திருப்பி வைத்து விரலால் காட்டினார்.

"இங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

தேதியக்காவுக்கு வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. பக்கத்தை மேலிருந்து கீழ்வரை சத்தமாக வாசித்தாள்: தன் வயது, அவர் வயது, விலாசம், மனு எண். வாசித்து முடித்துத் தன்னையறியாமல் சொன்னாள்:

"நிலுவை எதுவும் இல்ல."

"பாத்துட்டேன்" என்றார் மாஸ்க்காரர். "ஏத்துக்கிட்டேன்."

கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 11.40 என்று நேரமும் எழுதினார்கள்.

"நேரமெல்லாம் எழுத வேண்டாங்க" என்றார் பதிவாளர் அம்மா. ஆனால் அவரும் சிரித்துவிட்டார்.

அப்போது தேதியக்காவின் பைக்குள் போன் அலறியது. மேலதிகாரி. "அம்மா, கண் கழுவுற குழாய் அட்டை ஒன்னு கீழ விழுந்துடுச்சு, எந்தத் தேதியில மாட்டறது?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் போனை நோக்கிக் குனிந்து தலையை முட்டிக்கொண்டார்கள். அதற்குள் அண்ணி போனைப் பிடுங்கிவிட்டாள்.

"சார், அட்டைக்குப் பின்னாடியே தேதி எழுதியிருப்பா, திருப்பிப் பாருங்க. இன்னைக்கு ரெண்டுமே சோதனையில இருக்கு. நீங்கதான் தயாரா நிக்கணும்!"