கரையில் நின்ற தொங்கான்

காலை ஏழு மணிக்குப் பெம்பானில் பஸ் ஏறினேன். மலாக்கா பதினைந்து மைல். கட்டணம் முப்பது காசு. ரப்பர் விலை விழுந்த 1932ஆம் வருஷத்தின் ஆடிக் கடைசி. வழியெல்லாம் பால் வெட்ட ஆளில்லாத மரங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தவர் வேலாயுதம். நாகப்பட்டினத்துக்காரர்; மலாக்கா ஆற்றோரம் தொங்கான் என்கிற சரக்கு மரக்கப்பல் கட்டுகிறவர். பெம்பான் தோட்டத்தில் வேலை போன மச்சான்மாரை, தம் வேலைக்கு ஆள் வேண்டி, ஊருக்குக் கப்பலேறாமல் நிறுத்திவைக்க வந்தாராம்.

"சுமத்ரா முதலாளி ஒருத்தன் தொங்கான் கேட்டிருக்கான்யா. அக்கரையில கொண்டுபோய் விட்டாத்தான் பணம். ஆவணி தாண்டுனா வேற எடம் பாத்துக்குவான். கெவர்மெண்டு கடன் குடுக்குதாம்லா. ஐயா வந்து இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்த பேசணும்."

நான் போகவேண்டிய தம்பின் ஊருக்கு ரயில் மூன்று மணிக்குத்தான். சரி என்றேன்.

எட்டரை மணிக்கு ஆற்றோரம் இறங்கினோம். முக்கால்வாசி முடிந்த சரக்குத் தொங்கான் வெயிலில் நின்றது. அவர் மனைவி அஞ்சலை ஆற்றில் வாளி வாளியாக மொண்டு பலகைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். காயவிட்டால் பலகை வெடித்துவிடும். நாலு மாதமாகக் காலையும் மாலையும் இதே வேலை.

பத்து மணிக்குக் கடன் ஆபீஸ். துரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. முடிவை யாழ்ப்பாணத்துக் கிளார்க் தமிழில் சொன்னார்.

"பதிவான கப்பலை ஈடு வச்சாத்தான் கடன், அண்ணை. தண்ணியில இறங்கினாத்தான் பதிவு. கரையில நிக்கிறது வெறும் மரமாம்."

"தண்ணியில எறக்கணும்னா பலகை இடுக்கெல்லாம் அடைக்கணும், பாய் வாங்கணும். அதுக்குத்தானேய்யா கடன் கேக்குறேன்?"

"எனக்கு விளங்குது அண்ணை. நான் என்ன செய்யிறது?"

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். என் இங்கிலீஷ் ஒரு சல்லிக்கும் உதவவில்லை. வெட்கமும் ஆத்திரமுமாக வெளியே வந்தேன்.

"வட்டிக்கடைச் செட்டியாரைக் கேட்டால் என்ன?" என்றேன்.

"கேட்டாச்சுய்யா. ஈடு வைக்க நெலம் இருக்கான்னாரு."

அவர் ஆற்றோரம் பார்த்து நடந்துவிட்டார்.

காலையில் அங்கே விட்டுவந்த பெட்டியை எடுக்க இரண்டு மணிக்கு ஆற்றோரம் திரும்பினேன். வெயில் கொளுத்தியதால் அஞ்சலை அந்நேரத்திலேயே மறுபடி தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். வேலாயுதம் தொங்கானை ஒருமுறை சுற்றி வந்தார்.

"போதும் புள்ள. இனிமே ஊத்தாத."

அவள் தூக்கிய வாளியை இறக்கி வைத்தாள்.  பிறகு அந்தத் தண்ணீரில் தன் கால்களைக் கழுவிக்கொண்டாள்.