தண்டவாளத்து ஆள்காட்டி

பியாட்ரிஸ் மாரிகுப்பத்தில் காலை ரயிலேறினால் பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் அரைக் கதை எழுதிவிடுவாள். வண்டி குலுங்கிய இடமெல்லாம் எழுத்தும் கோணலாக இருக்கும். பெங்களூரில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளின் தையலைச் சோதிப்பது அவள் வேலை. எதிர் சீட்டில் உட்கார்ந்து வரும் லிஃப்ட் மெக்கானிக் வாசுதான் ரொம்ப நாளாக அவளுடைய ஒரே வாசகன்.

அப்பா வேலை பார்த்த ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அதைப் பற்றி நாலு தடவை எழுதிப் பார்த்தாள். நாலாவதையும் படித்துவிட்டு வாசு நோட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"இன்னாக்கா, பக்கத்துக்குப் பக்கம் எல்லாரும் அழுவுறாங்க. எனக்கு ஒரு சொட்டு வரல."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரிதான் என்றும் தெரிந்தது.

பிறகு கொரோனா வந்தது. ரயில் நின்றது. ஜூன் மாதம் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது: இனி வர வேண்டாம். பதினோரு வருட வேலை அது. பியாட்ரிஸ் போனிலேயே கத்து கத்தென்று கத்தினாள். அந்தப் பக்கம் எப்போதோ வைத்துவிட்டார்கள். பள்ளி வேன் ஓட்டும் கணவன் சாம்ராஜும் வேலையில்லாமல் வீட்டில்தான் இருந்தான். பழக்கம் விடாமல் அவள் மட்டும் தினமும் காலையில் ஸ்டேஷன்வரை நடந்துவிட்டு வருவாள்.

தண்டவாளம் துருப்பிடித்துக் கிடந்தது. நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல். ஒரு நாள் அந்தப் புல்லுக்கு நடுவே, ஜல்லிக்குள் நான்கு முட்டைகளைப் பார்த்தாள். ஜல்லி நிறத்திலேயே இருந்தன. மறுநொடி ஒரு ஆள்காட்டிக் குருவி அலறிக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தது.

"கிட்ட போவாதக்கா, மண்டைலயே கொத்தும்" என்றார் பாதையைப் பராமரிக்கும் நாகேஷ். "வியாழக்கிழமை லைன் செக் பண்ண எஞ்சின் வருது. அதான் யோசனையா கீது."

"முட்டைய எடுத்து ஓரமா வெச்சா?"

"வெச்சா அது சேத்துக்குதோ இன்னாவோ. வுட்டுடலாம்."

வியாழக்கிழமை இருவரும் போய் நின்றார்கள். எஞ்சின் நெருங்கியது. பறந்துவிடும் என்று பியாட்ரிஸ் நினைத்தாள். குருவி பறக்கவில்லை. கழுத்தை இழுத்துக்கொண்டு முட்டைகள் மேல் தட்டையாகப் படுத்தது. அத்தனை இரும்பும் அதன் மேலாக ஓடிப் போனது. புழுதி அடங்கியதும் எழுந்தது, இறகை உதறியது, தூரத்தில் போகும் எஞ்சினைப் பார்த்து ஒரு நிமிடம் திட்டித் தீர்த்தது. பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலையே அவள் அந்தக் குருவியின் கதையை எழுதி முடித்தாள். மூன்றே பக்கம். அதில் மனிதர் ஒருவர்கூட இல்லை. சாம்ராஜ் படித்துவிட்டுக் கேட்டான்.

"நம்ம கஷ்டத்த எழுதறேன்னியே, இதுல நாம எங்க கீறோம்?"

"தேடிப் பாருங்க."

இன்னொரு தரம் படித்தான். கடைசிப் பக்கத்தில் நின்றான். "எஞ்சின் போனப்பறம் கத்துதே, அது நீதான். அன்னிக்கு போன்ல கத்துனியே."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். வேலை போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

நான்கில் மூன்று முட்டை பொரிந்தது. ஒன்று கூமுட்டையாகிவிட்டது. கதையிலும் அதை அப்படியே வைத்தாள்.

வேலூரிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினாள். வாசகருக்குப் புரிய ஒரு மனிதரையாவது சேர்க்க முடியுமா என்று ஆசிரியர் கேட்டார். இருக்கிறார்கள் என்று ஒரு வரியில் பதில் எழுதினாள். அவரும் விட்டுவிட்டார். கதை வந்த பிறகு ஓசூரிலிருந்து ஒரு நர்ஸ், அது தன் கொரோனா வார்டைப் பற்றிய கதை என்று எழுதியிருந்தாள். ஊரிலேயே டைட்டஸ் என்ற பழைய சுரங்கத் தொழிலாளி கடைத்தெருவில் அவளை நிறுத்தினார்.

"பாறை வெடிச்சா கீழ சொரங்க லெவல்ல நாங்களும் அப்பிடித்தாம்மா பதுங்குவோம். உங்கப்பா சொன்னாரா?"

அப்பா சொன்னதேயில்லை. நாலு தடவை எழுதியும் வராத சுரங்கம், நினைக்காதபோது வந்து உட்கார்ந்திருந்தது. அதை யோசித்துக்கொண்டே அவள் வீடுவரை நடந்தாள்.

இப்போது வேறு தொழிற்சாலை, அதே ரயில். பேத்தமங்களா ஏரியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"இதுல ஏரி யாருக்கா?" என்றான் வாசு.

"எனக்கே தெரியல. முதல்ல தண்ணி ஏறட்டும், இரு."